சொரசொரப்பு

குளியல்தொட்டிக்குப் பூச்சு அடிக்க வந்த தொட்டிக்காரர் முகமூடியைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார். இத்தனைக்கும் மருந்து டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை. தொழில்காரர்களுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும், நமக்கென்ன.

"நாலு மணிக்கு அம்மாவ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வந்துடுவாங்க. அதுக்குள்ள முடியுமா?" என்று கேட்டாள் அவள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"முடிச்சிடலாம்மா. ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

பழைய வார்ப்பிரும்புக் குளியல்தொட்டி. உட்காரும், சாயும் இடங்களில் வெள்ளைப் பூச்சு தேய்ந்துபோய், கறுப்பு இரும்பு பல்லிளித்தது.

"வெந்நீர்ல படுக்க வெச்சாதான் அம்மாவுக்கு இடுப்பு வலி அடங்கும். போன தடவ இந்தச் சொரசொரப்புல முதுகுத் தோலே உரிஞ்சிடுச்சு. இது சரியாகலன்னா அவங்களுக்குத் தூக்கம் கிடையாது." மளிகைச் சீட்டைப் படிப்பதுபோலச் சொன்னாள். அழுது தீர்க்க வேண்டியதையெல்லாம் எப்போதோ அழுது தீர்த்திருந்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்காரர் நேரே சமையலறைக்குப் போய், சிங்க்குக்குக் கீழே இருந்த இழுப்பறையை உருவி, அதற்குப் பின்னாலிருந்த வால்வை அடைத்துவிட்டு வந்தார்.

துருவைச் சுரண்டினார். அமிலம் ஊற்றிக் கழுவித் துடைத்தார். பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளை வைத்து மாங்கு மாங்கென்று தேய்த்தார்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம்மா. முகமூடிய கழட்டணும்."

அவள் வற்புறுத்தவில்லை.

"என் கை மரத்துப்போச்சு. நீ தடவிப் பாரும்மா, உள்ளங்கையால."

அவள் குனிந்து தடவினாள். "இந்த ஓரத்துல இன்னும் குத்துது."

அவர் மறுபடி தேய்த்தார். அவள் மறுபடி தடவினாள். மூன்றாவது முறை அவள் எதுவும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்து இரண்டு பூச்சு அடித்தார். மூன்றே முக்காலுக்குத் தொட்டி புதுசாகப் பளபளத்தது. சாமான்களைப் பைக்குள் போட்டவர், என்னவோ போகாமல் நின்றார். ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை ஆற அமர உரித்தார்.

"காயுற வரைக்கும் இருக்கேனேம்மா. தூசி விழுந்தா செஞ்ச வேலை அத்தனையும் வீணாயிடும்."

"நான் பாத்துக்கறேன்."

"இல்ல, ஒரு அரை மணி நேரம்…"

வாசலில் கார் வந்து நின்றது. யாரோ சக்கர நாற்காலியை இறக்கும் சத்தம் கேட்டது. அவர் முகமூடிக்குள் மூச்சு விடுவது அறை முழுக்கக் கேட்டது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மா உங்க முகத்துல முழிக்க மாட்டாங்க. பின்வாசல் வழியா போயிடுங்க, அப்பா."