கார் ஒத்துக்காத உடம்பு

இசக்கிசெல்வி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சுடலைக்கண்ணன் அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தான். அவசரத்துக்கு.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிய ஷோரூம் பெண் அஸ்ரின் அந்தப் பையைப் பார்த்தாள்.

செம்பூர் வட்டாரத்தில் இது ஆறாவது ஷோரூம். மற்றவர்கள் மைலேஜ் கேட்பார்கள், விலை கேட்பார்கள். சுடலைக்கண்ணன் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்த்தான். தோல் மாதிரி சீட் போட்டதெல்லாம் வாடை என்று தள்ளிவிட்டான். டீசல் என்றால் அதிரும், வேண்டாம். ரொம்ப உயரம் என்றால் வளைவில் ஆடும், வேண்டாம். கடைசியில் இந்தக் குட்டி எஸ்யூவிதான் தேறியது. துணி சீட். கியர் தானாக மாறும், குலுக்காது. மேடு பள்ளத்தில் அடி தட்டாத அளவுக்கு உயரமும் இருந்தது.

இத்தனை பாடும் மனைவி செல்விக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்பதால்தான்.

அவள் காரில் ஏறியது ஒரே ஒருமுறை. இருபத்திரண்டு வருடம் இருக்கும். மாட்டுங்காவில் அவன் டிரைவராக இருந்த சேட் வீட்டில் கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும், குடும்பத்தைத் தாராவியில் விட்டுவிட்டு வா என்று சேட்டே வண்டியைக் கொடுத்தார். நல்ல மனுஷர். சயான் சர்க்கிள் வருவதற்குள் செல்வி குமட்டுகிறது என்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். கைக்குழந்தையோடு இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதோடு சரி. அப்புறம் சேட் எத்தனை தடவை வண்டி தருகிறேன் என்றாலும் அவள் தலையாட்டவில்லை. டாக்ஸியில்கூட ஏறியதில்லை.

இப்போது விக்ரோலிக்கு வேலைக்குப் போகத் தினமும் ரயிலில் நெரிபடுகிறாள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. சேட் குடும்பம் வெளிநாடு போய்விட்டது. சுடலைக்கண்ணன் கோவண்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். சொந்த வண்டி இருந்தால் காலையில் அவளை இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ஜத் பக்கம் மண் பாதையில் மலையேறலாம். மழைக்காலத்தில் அங்கே எத்தனை அருவி! சேட் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போய் அவன் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதை நினைத்தாலே அவனுக்கு மனசு ஆறாது.

இன்று அவளுக்குக் குமட்டினால் கார் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டு வந்திருந்தான்.

மாஹுல் ரோட்டில் டேங்கர் லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளம் ஒன்றா இரண்டா? நிறைமாதக்காரியை ஏற்றியவன் மாதிரி ஓட்டினான். ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தான்.

"செல்வி, ஒண்ணும் செய்யலையே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒரு திருப்பத்தில் வேண்டுமென்றே வண்டியை ஓரத்துக் கரடுமுரடில் இறக்கி ஏற்றினான். கர்ஜத்தில் இதைவிட மோசமாக இருக்கும், தெரிந்துவிடட்டும். வண்டி ஒருபக்கம் சாய்ந்து எழுந்தது. பின்னாலிருந்த அஸ்ரின் "யா அல்லா" என்றாள். செல்வி சிரித்தாள்.

சிரித்தாளா? அவனால் நம்ப முடியவில்லை.

ஷோரூமுக்குத் திரும்பி வந்ததும் அஸ்ரின் இறங்கி, படிவம் எடுத்துவர உள்ளே போனாள். அவன் இன்ஜினை அணைத்துவிட்டுத் தன் கதவில் கை வைத்தான். செல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எறங்காதீய."

"கொமட்டுதா?" பதறிப்போனான்.

"எனக்கு என்னைக்குமே கொமட்டுனது கெடையாது."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்குக் கல்யாண வீட்டு வாசல்ல நீங்க சுத்தி வந்து எனக்குப் பின்கதவத் தொறந்து விட்டீய. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னீய. வண்டில நான் என்ன கேட்டாலும் திரும்பிப் பாக்காம, சேட்டு வீட்டம்மாட்ட சொல்லுத மாதிரி 'ஜி, ஜி'ன்னீய. பொண்டாட்டிங்கறதே ஒங்களுக்கு மறந்துபோச்சு. என்னால அங்ஙன இருக்க முடியல. அழுதா ஒங்களுக்கு வெசனமா இருக்கும்லா, அதான் கொமட்டுதுன்னு சொல்லி எறங்கிட்டேன்."

அந்த நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குழந்தை போட்டிருந்த சட்டைகூட ஞாபகம் இருந்தது. தலை குனிந்து நின்றது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"இருவத்திரெண்டு வருசமாவா?" என்றான்.

"ஒருதரம் சொல்லியாச்சு. பொறவு மாத்துனா ஏன்னு கேப்பீயல்ல?"

அவன் கை இன்னும் கதவிலேயே இருந்தது. எடுக்கவும் தோன்றவில்லை, திறக்கவும் தோன்றவில்லை.

செல்வி தன் பக்கத்துக் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினாள். முட்டி வலிக்கு பானெட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வண்டியைச் சுற்றி வந்தாள். அவன் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"எறங்குங்க ஜி" என்றாள்.