மலைக்கு ஒரு டவர்

கடல் தாண்டிய ஒரு நாட்டில் செல்போன் டவர்களை எங்கெங்கே நடலாம் என்று கம்பெனி வரைபடத்தை விரித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தது. லாபம் கொட்டும் துறைமுகத்தை விட்டுவிட்டு, மாசிலாமணி மட்டும் ஒரு மொட்டை மலையில் குத்தினான்.

"அங்க யாருப்பா இருக்கா?" என்றார் மேலாளர் செங்கமலம்.

"ஆடுங்க இருக்கு மேடம்."

"ஆடு ரீசார்ஜ் பண்ணுமா?"

"ஒரு நர்ஸும் இருக்காங்க. என் வொய்ஃப்."

அறையே சிரித்தது. அந்த மலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவளிடமிருந்து போன் வருவது குறைந்துகொண்டே வந்தது. எப்போதாவது டவுனுக்கு இறங்கினால் பேசுவாள். மேலே சிக்னல் இல்லை என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவன் அந்த நாட்டில் டவர் நடும் இந்த வெளிநாட்டு முதலீட்டுப் பிரிவுக்கே மாற்றல் வாங்கி வந்திருந்தான்.

செங்கமலம் குண்டூசியைப் பிடுங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"சரி, ஒண்ணு நஷ்டத்துல போகட்டும். நீயே குத்து. இனிமே உன் வீட்டுக்காரம்மா சிக்னல் இல்லைன்னு தப்பிக்க முடியாது பாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். மாசிலாமணி குண்டூசியை மலைக்கு நேரே கொண்டுபோனான். தாளைத் தொடப்போகும் இடத்தில் கை நின்றுவிட்டது.

"குத்துப்பா, டீ ஆறுது."

"இதோ மேடம்" என்றான்.

டீ ஆறிப்போயிற்று.