ஒரிஜினல் விண்டோஸ்

நந்தினி லேப்டாப்பை மேசைமேல் வைத்த சத்தத்தில், ஹெட்போன் விலை கேட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள்.

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"செகண்ட் ஹேண்டா இருந்தாலும் ஒரிஜினல் விண்டோஸ்னு சொல்லித்தானே பாய் வித்தீங்க? இது இன்னா?"

திரையின் கீழ்மூலையில் மங்கலாக ஒரு வரி, விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொன்னது. வீட்டிலிருந்தே அவள் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கும் மளிகைக் கடைக்காரர் நேற்று அதைப் பார்த்துவிட்டு, "திருட்டு விண்டோஸா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கடைக்காரன் முஸம்மில் அசரவில்லை. "அதுக்கா இவ்ளோ பேஜாரு? கிராக் போட்டுத் தர்றேன்க்கா. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஓட்றாங்க."

"எவன் வேணா ஓட்டட்டும். திருட்டுப் பொருள் என் வீட்ல இருக்கக் கூடாது."

அவள் குரல் கடைக்கு வெளியே கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது முஸம்மிலுக்கும் ரோஷம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினான். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது.

"நான் திருட்டுச் சரக்கு விக்கிறவன் இல்லக்கா. இது கம்பெனிக்காரங்க மொத்தமா வாங்குன லைசென்ஸ். கம்பெனி நெட்வொர்க்கை விட்டு வெளிய வந்தா, கொஞ்ச மாசத்துல இப்படித்தான் கேக்கும். இதோ, கம்பெனி பேரே இருக்குது பாருங்க."

நந்தினி குனிந்து படித்தாள்.

மறுபடி படித்தாள். அவள் முன்பு ஸ்டோர் பொறுப்பில் இருந்த ஷூ கம்பெனியின் பெயர்.

"உங்ககிட்ட இத வித்தது யாரு?"

"அங்க இருக்கிற அட்மின் மேனேஜர்தான். பழசு, கழிச்சுட்டோம்னு கார்லயே எட்த்துனு வந்து எறக்குனாரு. இது மாதிரி இன்னும் நாலஞ்சு இருந்துச்சு. பணத்தைத் திருப்பித் தரணுமா, சொல்லுங்க."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். திரையைப் போனில் படம் எடுத்தாள். பிறகு வீடியோவைப் போட்டு, போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்ப சொன்னீங்களே பாய், அத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அன்று ஸ்டோரில் லேப்டாப்புகளைக் காணோம் என்று, ஷிஃப்ட் முடிந்து வந்த அத்தனை பேர் பார்க்க, கேட்டில் அவள் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னவர் அந்த மேனேஜர்தான். மறுநாள் அவளை உள்ளே விடவில்லை.