வளையாத தண்டு

ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்று கடலில் ஓடியது. மற்றது துறைமுகத்தில் கட்டப்பட்டுக் கிடந்தது. கிடந்த கப்பலின் டர்பைன் தண்டு தன் எடையாலேயே வளைந்துவிடாமலிருக்க, காவலுக்கு இருந்த ஞானப்பிரகாசம் தினமும் அடித்தளத்துக்கு இறங்கி, அதைத் திருப்பும் கனத்த கைச்சக்கரத்தை இரு கைகளாலும் சுற்றுவார். "விடாம சுத்துங்கண்ணே, நாம மறுபடி கடலுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவருடைய பழைய கூட்டாளி ரெக்சன் ஓடும் கப்பலுக்கு மாறிப் போயிருந்தான்.

சில வருடங்கள் கழித்து ரெக்சன் கிரேனோடு வந்தான். தண்டை வெளியே தூக்கினார்கள்.

"எங்க கப்பல்ல வளைஞ்சுபோச்சு. என்னைக்காவது ஆகும்னு அப்பவே தெரியும்ணே. உங்க புண்ணியத்துல இது நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அவர் தோளைத் தட்டினான்.

மறுநாள் காலை ஞானப்பிரகாசம் வழக்கம்போல இறங்கிச் சக்கரத்தைப் பிடித்தார். அது ஒற்றை விரலுக்கே சுற்றியது.