டக்கென்று கேட்கணும்

“முள்ளு வெச்சதையே எடுத்துக்குங்க. எத்தன இறுக்கம்னு கண்ணாலயே பாத்துக்கலாம்,” என்று மோட்டார் சைக்கிள் போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சை நீட்டினார் சேலத்துக் கடைக்காரர் மாதேஸ்வரன்.

ஏற்காட்டிலிருந்து வந்திருந்த ஸ்தனிஸ்லாஸ் மீசையைத் தடவிக்கொண்டார்.

“அளவு வந்ததும் ‘டக்’குன்னு சத்தம் போடுமாமே, அதக் குடுங்க. பத்தடி தள்ளி நின்னாலும் கேக்குமுங்களா?”

மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, முறுக்கற ஆளு எதுக்குங்க பத்தடி தள்ளி நிக்கோணும்?”

“முறுக்கறது எங்க ஊட்டுக்காரிங்க. எஸ்டேட் நர்சு. வண்டி ஓட்டறதும் அவதான். நொம்ப இறுக்கி மூணு போல்ட்ட ஒடிச்சுட்டா. மலைப்பாதையில இருபது கொண்டை ஊசி வளைவுங்க! இனிமே அந்தச் சத்தம் எங்காதுல விழுந்தாத்தான் பின்னால ஏறுவேன்.”