எல்லாரும் முடித்த நாவல்

நாவலில் கடலுக்குப் போனவன் பெயர் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. சூசை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கையில் எடுக்காவிட்டால், புத்தகம் விட்ட இடத்திலேயே தன்னைச் சுபமாக முடித்துக்கொள்ளும் காலம் அது. அதனால் குளச்சலில் புத்தகக்கடை வைத்திருந்த செண்பகவல்லி, ஆண்டிறுதி மடலைப் பெருமையோடு தொடங்கினாள்: 'இந்த ஆண்டு நம் வாசகர்கள் எல்லாரும் எல்லாப் புத்தகங்களையும் முழுவதும் படித்துவிட்டார்கள்.' பரிந்துரைகளில் சூசையின் கதைக்கு முதலிடம்.

அன்றைக்குப் பிலோமினா கடைக்கு வந்தாள். அவள் கணவன் போன படகு கரை திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"அக்கா, நான் பாதியில வச்சிட்டேன். இப்ப எடுத்தா சூசை கரைக்கு வந்துட்டான். அவன் வராம இருந்தா அவன் பொண்டாட்டி என்ன செஞ்சிருப்பா? எனக்கு அதுதான் வேணும்."

செண்பகவல்லி தன் பிரதியைத் திறந்தாள். அது மூன்றாம் பக்கத்தில், கல்யாணத்தோடு முடிந்திருந்தது. வெட்கத்தோடு எழுத்தாளருக்குப் போன் போட்டாள்.

சூசை நிஜமாகவே திரும்பி வருவானா என்று அவரிடம் கேட்டாள்.

"வரமாட்டான்னுதான்மா நினைச்சிருந்தேன். நடுவுல ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா அதுவே முடிச்சு வச்சிருந்துது. நல்லாத்தான் இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

"அவன் பொண்டாட்டி?"

"அவளைப் பத்தி யோசிக்கலையேம்மா."

செண்பகவல்லி அந்த நாவலைப் பரிந்துரையிலிருந்து எடுத்தாள். வாசகர்கள் சண்டை போட்டதால் திரும்பச் சேர்த்தாள். எழுத்தாளர் இப்போது அடிக்கடி ஊருக்குப் போகிறார். பிலோமினா மீன் ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் கணவன் வரவில்லை.