உங்களுக்கு அவர் என்ன வேணும்?

“உங்களுக்கு அவர் என்ன வேணும்?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

தகன நிலையத்தின் எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஐம்பதைக் கடந்த பெண். கையில் மடித்த குடை. துணைக்கு வந்தவர் என்று ஒருவருமில்லை. வந்த காரியத்தை அவள் சுருக்கமாகவே சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நேரே இங்கே கொண்டுவர வேண்டும். மாலை, மேடை, பேச்சு எதுவும் வேண்டாம். எரித்துக் கொடுத்தால் போதும்.

எழுத்தர் விதியை விளக்கினார். சடங்கு ஒன்றுமின்றி எரிப்பதற்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் சம்மதம் வேண்டும். பின்னால் யாரேனும் வந்து, எங்களைக் கேட்காமல் எங்கள் பெரியவரை எப்படி எரித்தீர்கள் என்று சட்டையைப் பிடிக்கக்கூடாது அல்லவா? சென்ற மாதம் ஒருவர் தம் நண்பருக்காக வந்து எவ்வளவோ மன்றாடினார், திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று.

அவள் குடையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள யாரும் எடுக்கலேன்னா, கேட்பாரத்த உடம்புகளோட சேர்த்துடுவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கால்ல ஒரு நம்பரைக் கட்டி அனுப்பிடுவாங்களாம். அவரு நம்பராப் போகக்கூடாதுங்க. பேரோட போகணும்.”

“நீங்க ஒருத்தர் இருக்கும்போது உங்க கணவர் எப்படிம்மா கேட்பாரத்தவரா ஆவாரு?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

எழுத்தர் தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்தார். “மனைவி வந்திருக்காங்க, அனுப்பி வையுங்க” என்றார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி வந்து சேரும்வரை அவளைத் தனியே விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை, பேச்சுக் கொடுத்தார்.

பிள்ளைகள் இல்லை. வேறு உறவு? தம்பி ஒருவர் எங்கோ இருப்பதாகக் கேள்வி என்றாள்.

“கேள்வியா?”

“சொந்தபந்தத்தைப் பத்தி அவர் வாயே திறக்கமாட்டார். எங்க பேச்செல்லாம் மாசத்துல ஒரு நாள்தான். மிச்ச நாள்ல, குழாய்ல தண்ணி வரலேன்னா ஒரு சண்டை. அவ்வளவுதான்.”

“எங்க வீட்டுல அந்த ஒரு நாளும் கிடையாதும்மா. சண்டை மட்டும் குறைவில்லாம நடக்குது.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வருந்தியவள்போல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிக் காலத்தில் ஏதேனும் ஆசை சொன்னாரா என்று எழுத்தர் கேட்டார். சென்ற மழைக்காலத்தில் மாடிப்படி விளக்கை மாற்றிக்கொண்டே சொன்னதுதான் என்றாள்.

“‘நான் போயிட்டா யாருக்கும் சொல்லி அனுப்பாதீங்க. யாரும் வரமாட்டாங்க. வராத கூட்டத்துக்கு நாற்காலி போட்டு வெச்சா அது எனக்கு அவமானம்’னார்.”

“உங்களைப் போய் வாங்க போங்கன்னா பேசுவாரு?”

“எப்பவும் அப்படித்தான்.”

“கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க” என்றார் எழுத்தர். தம் இல்லத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, பெருமூச்சு ஒன்று விட்டார்.

வண்டி வந்தது. உலை அறைக்கு முன்னிருந்த சிறு கூடத்தில், சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். உலை இயக்குபவர் முகத்துணியை விலக்கி, பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டு அகன்று நின்றார்.

உயிர் குடிபெயர்ந்த முகம் அமைதியாக இருந்தது. புருவத்தின் மேல் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அது அங்கே இருப்பதை அவள் அன்றுதான் கண்டாள். இளமையிலிருந்து மனப்பாடமாய் இருந்த பதிகம் ஒன்றை உதடசையாமல் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அடி மறந்தது. முதலிலிருந்து தொடங்கி, இம்முறை நிறுத்தாமல் முடித்தாள். கட்டிலின் விளிம்பை ஒரு விரலால் தொட்டாள். அவரைத் தொடவில்லை.

இரும்புக் கதவு திறந்தது, மூடியது. அவ்வளவுதான். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் பேசவில்லை. அவர் விரும்பியதும் அதுதான். ஆயினும் அந்த மௌனம் இத்தனை பெரிதாய் இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

சாம்பல் கைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எழுத்தர் தாமே எழுந்து வாசல்வரை வந்தார். மண்கலசத்தின் கழுத்தில் சுற்றிய துணியில் இறந்தவர் பெயர் முழுமையாக எழுதியிருந்தது. அவள் அதை ஒருமுறை படித்துப் பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

“தனியா இருக்காதீங்கம்மா. யாரையாவது துணைக்குக் கூப்பிட்டு வெச்சுக்குங்க” என்று எழுத்தர் பின்னாலிருந்து சொன்னார். சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

வீட்டு வாசலில் பின்னறையில் குடியிருக்கும் தையற்காரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கலசத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நின்று கும்பிட்டார். நல்லபடியாக முடிந்ததா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். முடிந்தது என்றாள்.

“நம்ம வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்க்கா. இனிமே வாடகையை நாம யார் கையில கொடுக்கிறது?”

அவள், பூட்டிக் கிடந்த வீட்டுக்காரரின் கீழ்வீட்டைக் கடந்து, கலசத்தோடு தன் ஒற்றை அறைக்கு மாடியேறினாள். ‘உங்க கணவர்’ என்னும் சொல்லை அவளிடம் ஒருவர் சொன்னது, அவள் ஆயுளிலேயே இன்றுதான்.